மருந்தினால் நேர்ந்த ஊறும் புதுக்கடைச் சட்டத்தரணியும்

கொழும்பு மாநகரின் நீதிமன்றங்கள் அமைந்துள்ள மேட்டுநிலம் ஹல்ஸ்டொர்ப் எனப் பெயர் பெற்றது, 1656 இல் கொழும்பு முற்றுகையின்போது உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட் என்பவரின் நினைவாக என்பர். நம்மவர் அவ்விடத்தைப் புதுக்கடை என்றே வழங்கி வந்துள்ளனர். கொட்டாஞ்சேனைத் தமிழர் அங்கு கால்நடையாகவே சென்றடைவர். வெள்ளவத்தைத் தமிழர் காலி வீதியில் பஸ்ஸேறிச் செல்வர். உறுதி, மரணசாசனம், காணிப் பங்கீடு, கடன், வீட்டு வாடகை என எத்தனையோ கருமங்களுக்காக இவ்விரு பகுதி மக்களும் தலைமுறை தலைமுறையாக அப்படிகளில் ஏறி இறங்கியுள்ளனர். எனினும், உட்கொண்ட மருந்தினாலோ ஏற்றிய ஊசியினாலோ தமக்கு ஊறு நேர்ந்ததென்று இழப்பீடு கோரி அங்கு சென்றோர் மிகச் சிலரே. நமது சட்ட அறிக்கைத் தொகுதிகளைப் புரட்டுவோர்க்குக் காணி வழக்குகள் மலைபோற் குவிந்திருப்பதும், மருந்து பற்றிய வழக்குகள் தேடினும் எளிதிற் கிடையாமையும் புலனாகும்.

இவ்வருமைக்குக் காரணம் யாது? மருந்துகள் நம் நாட்டில் தீங்கு செய்யவில்லை என எவரும் வாதிடார். சட்டத்திற் பரிகாரம் இல்லை என்பதும் பொருந்தாது. ஊறுற்ற ஒருவர் தமக்கென ஒரு சட்டத்தரணியை அமர்த்திக்கொள்ளும் அந்த முதற்படியிலேயே எத்தகைய தடைகள் நின்றன, அவற்றுள் எவை காலப்போக்கில் அகன்றன, எவை இன்றும் அகலாதிருக்கின்றன என்பதை வரலாற்று முறையில் நோக்குவதே பொருத்தமாகும்.

ஆங்கிலேயர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஒல்லாந்தர் காலத்துச் சட்டத்தை நிலைநிறுத்தினர். அதன் பயனாக உரோமன் ஒல்லாந்தச் சட்டமே நமது பொதுச் சட்டமாயிற்று. பிறரது கவனக்குறைவால் உடலுக்கோ பொருளுக்கோ நட்டம் ஏற்படின் அதனை ஈடுசெய்யுமாறு கோரும் அக்கிலிய வழக்கு அச்சட்டத்தின் பழைய உறுப்புகளுள் ஒன்று. ஆகவே தவறான மருந்தினால் உறுப்பிழந்த கொழும்பு வாசி ஒருவர்க்கு ஏட்டளவில் உரிமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருந்தது. விற்ற பொருள் குறித்த பயனுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்னும் விதியை 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் சேர்த்துத் தந்தது. ஆயின் ஏட்டிலுள்ள உரிமையை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமன்றோ?

1974 ஆம் ஆண்டுக்கு முன்னர் அவ்வாறு எடுத்துச் சொல்வோர் இரு வகுப்பினராயிருந்தனர். ஒருவர் பிறக்கிராசி; மற்றவர் அப்புக்காத்து. இவ்விரு சொற்களும் ஐரோப்பியர் வழிவந்த சொற்கள் நம் நாவிற் பட்டுத் திரிந்தவை. இன்றைய மாணவர்க்கு இவை அகராதிச் சொற்களாகிவிட்டன. நம் பாட்டன்மாருக்கோ அன்றாடச் சொற்கள். வழக்காளி முதலிற் காண்பது பிறக்கிராசியையே. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி எழுத்தில் அமைந்து வழக்காளி கையொப்பமிட்ட நியமனப் பத்திரம் ஒன்றை அவர் மன்றிற் கோப்பிடுவார். முறைப்பாட்டை வரைபவரும், முத்திரைக் கட்டணம் செலுத்துபவரும், சாட்சிகளுக்கு அழைப்பாணை பெறுபவரும் அவரே. வாதிடுவதற்கு அவர் அப்புக்காத்து ஒருவரை அமர்த்துவார். வழக்காளிக்கு இரண்டு கூலி. காணி வழக்கெனின் காணியே ஈடாக நிற்கும். மருந்தால் நலிந்து தொழிலிழந்து கிடப்பவரிடம் ஈடாக வைக்க என்ன உண்டு? வறியவர் முத்திரைக் கட்டணமின்றி வழக்காடலாம் என்னும் ஏற்பாடு அக்கோவையிலேயே இருந்தது உண்மை. ஆனால் தாம் வறியவர் என்பதை மன்றின்முன் நிறுவி அனுமதி பெற்ற பின்னரே அச்சலுகை கிடைத்தது. அதனை நிறுவுவதற்கும் ஒரு பிறக்கிராசி தேவைப்பட்டார் என்பதை எண்ணும்போது நகைப்பு வருகின்றது.

புதுக்கடையில் தமிழர் குறைவாயிருந்தனர் என இதனைக் கொள்ளலாகாது. குற்றவியலில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும், குடியியலில் 1947 இல் இராச அப்புக்காத்தான சா. ஜே. வே. செல்வநாயகமும், பின்னர் சோ. நடேசனும் பெற்றிருந்த புகழ் யாவரும் அறிந்தது. வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்கு ஒரு சட்டத்தரணியின் பெயர்ப்பலகையாவது தொங்கிய காலமும் உண்டு. மொழியும் அக்காலத்திற் பெருந்தடையாகவில்லை. மன்றில் ஆங்கிலம் வழங்கிற்று, கந்தோரில் பிறக்கிராசியின் எழுதுவினைஞர் தமிழிற் கேட்டெழுதிக்கொண்டார். 1961 ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டத்துக்குப் பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அதன் 1988 ஆம் ஆண்டுப் பதினாறாம் திருத்தமும் தமிழையும் நீதிமன்ற மொழியாக ஏற்று, வடக்குக் கிழக்குக்கு வெளியிலும் தமிழில் வழக்காடுவோர்க்கு அரச செலவில் மொழிபெயர்ப்பு உண்டெனக் கூறுகின்றன. இருப்பினும் கொழும்பில் மன்றின் பதிவேடு சிங்களத்தில் நடைபெறுவதால், தமிழ் மட்டும் அறிந்த கொட்டாஞ்சேனை வாசி தம் வழக்கேட்டைத் தாமே படித்தறிய இயலாதவராகின்றார். 1983 யூலைக்குப் பின் தமிழ்ச் சட்டத்தரணிகள் பலர் நாட்டைவிட்டகன்றமையும் இதனோடு சேர்த்தெண்ணற்பாலது.

கூலியும் மொழியும் எல்லா வழக்குக்கும் பொதுவானவை. மருந்து வழக்குக்கே உரிய பெருந்தடை பிறிதொன்று: எவர்மீது வழக்கிடுவது? நம் மக்களிற் பெரும்பாலார் மருந்து பெறுவது அரசாங்க வைத்தியசாலையில். 1864 இல் தொடங்கிய கொழும்புப் பொது வைத்தியசாலையில் ஒருவர்க்குக் கெட்ட ஊசிமருந்து ஏற்றப்பட்டதெனக் கொள்வோம். அவர் காசு கொடுத்து எதனையும் வாங்கவில்லை. ஆதலின் பொருள் விற்பனைச் சட்டம் அவர்க்கு உதவாது. எஞ்சியிருப்பது தீங்கியல் வழக்கு. அதுவோ முடிக்குரிய அரசின்மேற் செல்லாது. கொழும்பு மின்சார டிராம் வண்டிக் கம்பனி சட்டமா அதிபர்மீது தொடுத்த வழக்கில் 1913 இல் உயர் நீதிமன்றம் இவ்வாறே தீர்த்தது. ஒப்பந்தம் பற்றிய வழக்குகளை அரசின்மேற் கொண்டுவரலாம் என்பதைக் கோமறைக்கழகம் 1884 இலேயே ஒப்புக்கொண்டிருந்தது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அரசுக்குப் பலகை விற்ற வணிகர் தம் பணத்தை மன்றிற் கேட்கலாம். அரசின் மருந்தால் கண்ணிழந்தவர் கேட்கலாகாது! அவர் மருந்து கொடுத்த வைத்தியரையோ தாதியையோ தனிப்பட வழக்குக்கு இழுக்கலாம். ஆனால் மருந்து வரும்போதே கெட்டிருந்தால் அவ்வைத்தியர் செய்த பிழை யாது? இவ்வினாவை நேர்மையான பிறக்கிராசி எவரும் முதற் சந்திப்பிலேயே கேட்டு, வந்தவரைத் திருப்பி அனுப்பியிருப்பார். அவரைக் குறைகூற நமக்கு நியாயமில்லை.

1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் இத்தடையை நீக்கிற்று. அரசு தன் ஊழியரின் தீங்குகளுக்குத் தனியாள் ஒருவரைப் போலவே பொறுப்பாகும் என அது விதித்தது. இங்கிலாந்து இதனை 1947 இலேயே செய்து முடித்திருந்தது. நமது சட்ட வரலாற்று நூல்கள் இச்சட்டத்தை ஓரிரு வரிகளில் கடந்து செல்வதுண்டு. நோயாளிகளின் நிலையிலிருந்து நோக்குவோர்க்கு அது சுதந்திரத்தின் பின் வந்த முதன்மையான சட்டங்களுள் ஒன்றாகத் தோன்றும். இன்றும் அரசைப் பிரதிவாதியாக்க விரும்புவோர் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தே வழக்கிடல் வேண்டும்.

அரசு தீங்குக்குப் பொறுப்பேற்ற அதே காலப்பகுதியில் மருந்து இறக்குமதியும் அரசின் கைக்கு வந்தமை ஒரு தற்செயல். பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. சுமார் 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகளின் எண்ணிக்கை சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டது. வணிகப் பெயர்களின் இடத்தில் மருந்தின் பொதுப்பெயர் வந்தது. பிபிலே 1977 இல் கயானாவில் மறைந்தார். அவர் வகுத்த கொள்கை உலக சுகாதார நிறுவனத்தினதும் பிற நாடுகளினதும் கவனத்தை ஈர்த்தது. விலை பற்றியும் அந்நியச் செலாவணி பற்றியும் அக்கொள்கை குறித்து எழுதப்பட்டவை ஏராளம். அதன் பிறிதொரு விளைவை எவரும் அதிகம் பேசுவதில்லை: கடல்கடந்த உற்பத்தியாளர் ஒருவரைத் தேடி அலைய வேண்டியிருந்த வழக்காளிக்கு, கொழும்பிலேயே தன் பெயரால் வழக்காடவும் வழக்காடப்படவும் வல்ல ஒரு கூட்டுத்தாபனம் எதிரே தோன்றியது. 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கியது. அதன் இடத்தில் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவியது. பதிவேடு உள்ள இடத்திற் பொறுப்பாளரின் பெயரும் உண்டு.

சட்டத்தொழிலும் மாறிற்று. 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974 தை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபோது பிறக்கிராசியும் அப்புக்காத்தும் ஒருங்கே மறைந்து சட்டத்தரணி என்னும் ஒரே வகுப்பினராயினர். சட்டம் இரண்டை ஒன்றாக்கியபோதும் வழக்கம் முற்றாக மாறவில்லை. நியமனப் பத்திரம் கோப்பிடும் பதிவுச் சட்டத்தரணியும் வாதிடும் சட்டத்தரணியும் இன்றும் பெரும்பாலும் இருவரே. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு உருவாயிற்று. கூலி கொடுக்க இயலாதோர் அதன் படியேறலாம். ஆயினும் ஆணைக்குழு தரக்கூடியது சட்டத்தரணியை. மருந்து வழக்கில் வெற்றி தோல்வியை முடிவு செய்பவர் வேறொருவர்.

அவர் நிபுணத்துவச் சாட்சி. இதனை விளக்குதற்கு நம் நாட்டில் மிகவும் பேசப்பட்ட வைத்தியக் கவனக்குறைவு வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். 1992 இல் கொழும்பில் ஒரு சிறுமி நோயுற்றாள். குழந்தை வைத்தியத்துறைப் பேராசிரியர் பிரியாணி சொய்சா அந்நோயை வாதக்காய்ச்சலைச் சார்ந்த கொறியா எனக் கருதினார். பின்னர் அது மூளைத் தண்டில் எழுந்த கட்டி எனத் தெரியவந்தது, சிறுமி இறந்தாள். தந்தை பேராசிரியர்மீது வழக்கிட்டார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999 இல் அதனை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் பேராசிரியரின் மேன்முறையீட்டை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. கவனக்குறைவு மரணத்தை விளைவித்ததென்றோ விரைவுபடுத்தியதென்றோ நிகழ்தகவின் நிறையில் நிறுவப்படவில்லை என்பது ஒரு காரணம். பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்த துயருக்கு உரோமன் ஒல்லாந்தச் சட்டம் பணம் தருவதில்லை, பொருள் நட்டத்துக்கே தரும் என்பது மற்றையது. இவ்விரண்டாவது விதியை 1911 இல் தென்னாபிரிக்க மேன்முறையீட்டு மன்று வார்னெக்கே வழக்கில் உரைத்திருந்தது.

இவ்வழக்கிற் பலரும் கவனியாத ஒன்று உளது. அத்தந்தை ஒரு சட்டத்தரணி. புதுக்கடையின் ஒவ்வொரு படியையும் அறிந்தவர். சட்டத்தரணியைத் தேடி அலைய வேண்டாதவர். சக தொழிலாளரின் துணை பெற்றவர். அவ்வாறான ஒருவரே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வழக்காடி இறுதியில் வெறுங்கையுடன் திரும்பினாரெனின், ஜம்பட்டா வீதிச் சிறு கடைக்காரர் ஒருவர் எத்துணிவில் நியமனப் பத்திரத்திற் கையொப்பமிடுவார்? தீர்ப்புச் சட்டப்படி தவறானதென்று யாம் கூறவில்லை. காரணத் தொடர்பை நிறுவாதவர்க்கு இழப்பீடு கொடுக்க எந்த மன்றாலும் இயலாது. ஆனால் அத்தொடர்பை நிறுவத் தேவையான அறிவு முழுவதும் எதிர்த்தரப்பினரின் தொழிற்றோழரிடமே இருக்கும் ஒரு சிறு நாட்டில், ஒருவர்க்கெதிராக மற்றவர் சாட்சிக்கூண்டில் ஏறுதல் எளிதன்று.

துயருக்கு ஈடில்லை என்னும் விதியை மட்டும் பாராளுமன்றம் பின்னர் மாற்றிற்று. ஒருவர் பிறரது தவறால் இறந்தால், அவரது நெருங்கிய உறவினர் அன்பிழப்புக்கும் மனத்துயருக்கும் நட்டஈடு கோரலாம் என 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் விதித்துள்ளது. பதினெட்டு ஆண்டுகள் கழிந்து வந்த மாற்றம்.

நிரூபணத்தின் இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1957 இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்னும் உறக்க மருந்து 1961 இன் இறுதியில் மீளப்பெறப்பட்டபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உறுப்புக் குறைவுடன் பிறந்திருந்தனர். இங்கிலாந்திற் பெற்றோரின் சட்டத்தரணிகள் இரண்டு ஐயங்களால் இடர்ப்பட்டனர். கருவிலிருக்கும் பிள்ளைக்கு ஒருவர் கடப்பாடு உடையவரா? அக்கால அறிவின்படி உற்பத்தியாளர் இதனை முன்னுணர்ந்திருக்க முடியுமா? இவற்றுக்கு மன்று விடை கூறுமுன்னரே 1968 இல் 62 பிள்ளைகளின் வழக்குகள் முழு இழப்பீட்டின் 40 சதவீதத்துக்கு இணக்கமாயின. எஞ்சியோருக்காகச் சண்டே ரைம்ஸ் பத்திரிகை எழுத முற்பட்டபோது மன்றவமதிப்பு எனத் தடுக்கப்பட்டது. அத்தடை பேச்சுச் சுதந்திரத்தை மீறியதென ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1979 இற் கூறியது. அதற்கிடையில் 1973 இலேயே, பொதுமக்களின் சினத்துக்கும் பங்குதாரரின் நெருக்குதலுக்கும் பணிந்து கம்பனி சுமார் 2 கோடி பவுண் தர இசைந்திருந்தது. அங்கு மன்று தராததைப் பத்திரிகை பெற்றுத்தந்தது எனலாம்.

யப்பானில் நிகழ்ந்தது இதனினும் கருதத்தக்கது. கிளியோகுயினோல் என்னும் வயிற்றுப்போக்கு மருந்தினால் பதினாயிரம்பேர் அளவில் கால் மரத்தும் பார்வை குன்றியும் வருந்தினர். 1970 இல் அம்மருந்தின் விற்பனை நிறுத்தப்பட்டது. அந்நாட்டுச் சட்டத்தரணிகள் குழுக்களாய் இணைந்து நகரந்தோறும் வழக்கிட்டனர். 1978 இல் கனசாவா, தோக்கியோ மன்றங்கள் உற்பத்தியாளரும் அரசும் பொறுப்பாளிகளெனத் தீர்த்தன. மறு ஆண்டே மருந்தின் பக்கவிளைவால் ஊறுற்றோர்க்கு உதவும் நிதியம் ஒன்றைச் சட்டம் மூலம் அமைத்தனர். முறையாக உட்கொண்ட மருந்தினால் ஊறு நேர்ந்ததென்று காட்டினாற் போதும். எவரது பிழை என நிறுவ வேண்டுவதில்லை. பணம் உற்பத்தியாளரிடமிருந்து பெறப்படுகின்றது. அயலிலுள்ள இந்தியாவும் 1986 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தால் எளிய மன்றங்களை ஏற்படுத்தியது. பணம் பெற்றுச் செய்யும் வைத்தியமும் அம்மன்றங்களின் வரம்புக்குள் அடங்கும் என இந்திய உயர்ந்த நீதிமன்று 1995 இல் தீர்த்தமை தமிழ்நாட்டு நோயாளர்க்கும் பயன்பட்டது. நமது 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் சட்டம் அத்துணை தூரம் செல்லவில்லை.

இனி, இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவர் இத்தகைய வழக்குக்காகச் சட்டத்தரணியை நாடினால் என்ன நிகழும் என்பதைச் சுருக்கமாகக் காண்போம். சட்டத்தரணி முதலிற் கேட்பது திகதி. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி தீங்கியல் வழக்கு இரண்டு ஆண்டுகளுள் தொடுக்கப்படல் வேண்டும். பராயமடையாதோர், சித்தசுவாதீனமற்றோர் போன்றோர்க்கு அக்காலம் நீளும். அடிப்படை உரிமை மீறல் எனின் ஒரு மாதமே. உடல் தேறுமுன் தவணை தீர்ந்துவிடுவது புதுமையன்று. அடுத்துக் கேட்பது மருந்து. நமது பாமசிகளில் மாத்திரைகளை எண்ணிச் சிறு காகித உறையிலிட்டுக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அவ்வுறையில் வேளையும் அளவும் எழுதப்பட்டிருக்கும். உற்பத்தியாளரின் பெயரோ தொகுதி இலக்கமோ இராது. எக்கம்பனியின் மாத்திரை என்பதே தெரியாதபோது எவர்மீது முறைப்பாடு வரைவது? இந்தச் சிறு காகித உறை அழித்த வழக்குகள், பெருஞ் சட்ட நுணுக்கங்கள் அழித்தவற்றிலும் மிகுதியாயிருத்தல் கூடும் என்பது எமது கருத்து. வைத்தியசாலையிற் கட்டிலருகே எழுதப்படும் குறிப்பேடு மூன்றாவது. அரச வைத்தியசாலையெனின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தம் குறிப்பேட்டின் பிரதியை நோயாளி கேட்கலாம். தனியார் வைத்தியசாலையில் சட்டத்தரணியின் கடிதமே முதற் கருவி.

2023 சித்திரையில் நுவரெலியா வைத்தியசாலையிற் கண்சத்திரசிகிச்சை பெற்றோர் சிலர், பின்னர் இட்ட கண்மருந்தினால் கிருமித்தொற்றுக்கு ஆளாகிப் பார்வை பாதிக்கப்பட்டனர். அம்மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து பற்றிய விவகாரம் எழுந்து, 2024 மாசியில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரின் கைது வரை சென்றது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மருந்தின் பெயரும் தொகுதியும் வழங்கிய இடமும் ஏடுகளில் இருந்தன. காகித உறையில் மாத்திரை வாங்கியவர்க்குக் கிடையாத சான்று அது. 1969 ஆம் ஆண்டுச் சட்டமும் அரசைப் பிரதிவாதியாக்க இடந்தருகின்றது. ஆனால் குற்ற வழக்கை நடத்துவது அரசு. அதில் நோயாளி வெறும் சாட்சியே. அவ்வழக்கு எத்தனை ஆண்டுகள் நீடிப்பினும் குடியியல் வழக்குக்குரிய இரண்டு ஆண்டுத் தவணை அதற்காகக் காத்திராது. தமக்குரிய இழப்பீட்டைக் கோருவோர் வேறொரு கோப்புடன், வேறொரு சட்டத்தரணியுடன், மாவட்ட நீதிமன்றத்தின் படியேறியே ஆகவேண்டும்.